பூச்சியத்தை நிறுத்துதல்: அளவையின் தொடக்கம் பற்றிய ஓர் அறவியல் நோக்கு

'உற்பத்தி' என்னும் சொல் இலங்கைத் தமிழில் இருவேறு பொருள் தந்து நிற்பது. தேயிலைத் தொழிற்சாலையிலும் பட்டறையிலும் அது பொருள்களை ஆக்குதலைக் குறிக்கும். பாடசாலைக் கணித நூலிலோ, அச்சுகள் ஒன்றையொன்று வெட்டும் இடத்தை, தூரங்கள் யாவும் எண்ணப்படத் தொடங்கும் பூச்சியப் புள்ளியை, அது குறிக்கும். தமிழகத்தார் ஆதிப்புள்ளி என வழங்குவதையே ஈழத்து மாணவர் உற்பத்தி எனக் கற்கின்றனர். இவ்விரு பொருளும் ஒரு சொல்லில் வந்து கூடியமை தற்செயலாக இருக்கலாம். எனினும் அத்தற்செயல் ஓர் உண்மையை நினைவூட்டுகின்றது. எப்பொருளையும் சரிவர ஆக்குவதற்கு முன்னர், எங்கிருந்து அளப்பது என்பது முடிவாக வேண்டும்.

எங்கிருந்து அளப்பது என்பதை முடிவு செய்யும் உரிமை யாருக்கு உண்டு? அம்முடிவு வெறும் வசதியைப் பொறுத்ததா, அன்றி நீதி, அநீதி என்னும் தீர்ப்புக்கும் உட்பட்டதா? மெய்யியலாளர் நெடுங்காலமாக வேறுவேறு பெயர்களில் எழுப்பிவந்துள்ள இவ்வினா, இயந்திரப் பட்டறையொன்றில் நாள்தோறும் காலையில் எழுந்து நாள்தோறும் விடை பெறுகின்றது. அங்குப் பெறப்படும் விடையை நன்கு விளங்கிக்கொண்டால், கண்டிக்கு வடகிழக்கே தும்பறை மலைத்தொடரின் சரிவில் அமைந்துள்ள பன்விலையின் தேயிலைத் தோட்டங்களில் வாழும் மக்களுக்கு நேர்ந்ததையும் புதிய தெளிவோடு நோக்க முடியும். அத்தகைய நோக்குக்கு ஓர் அடித்தளம் இடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கணினியின் கட்டளைப்படி உலோகத்தை வெட்டும் சி.என்.சி. இயந்திரம் இன்று உலகெங்கும் பொறியியற் பட்டறைகளின் நடுநாயகமாக விளங்குகின்றது. எண்களின் வழியே வெட்டுக்கருவியை இயக்கும் முறை அமெரிக்காவின் மசாச்சுசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்தில் 1952ஆம் ஆண்டில் முதன்முதலாகச் செய்து காட்டப்பட்டது. கைத்தொழிலாளன் தன் கண்ணாலும் விரலாலும் அறிந்து செய்தவற்றை இவ்வியந்திரம் எக்ஸ், வை, இசட் என்னும் மூன்று அச்சுகளின் வழியே, எண்களால் மட்டுமே அறிந்து செய்கின்றது. நூறிலொரு மில்லிமீற்றர் அளவுக்கு நுட்பமாக நகரக்கூடிய இவ்வியந்திரத்துக்கு ஒரு வியப்பான குறை உண்டு. மின்னிணைப்புத் துண்டிக்கப்பட்டு மீண்டும் தரப்படும்போது, தான் எங்கே நிற்கின்றது என்பதை அது அறியாது.

இக்குறைக்குக் காரணம் எளிது. பல இயந்திரங்களில் அச்சுகளைச் சுழற்றும் மோட்டாரோடு பொருத்தப்பட்ட என்கோடர் என்னும் உறுப்பு, எத்தனை துடிப்புகள் நகர்ந்தோம் என்பதை மட்டுமே எண்ணுகின்றது. எங்கிருந்து நகர்ந்தோம் என்பது அதற்குத் தெரியாது. மின்சாரம் நின்றவுடன் எண்ணிக்கை அழிந்துவிடும். நேற்று மாலை நின்ற அதே இடத்திலேயே இன்று காலையும் நின்றாலும், இயந்திரத்தைப் பொறுத்தவரை அவ்விடம் பெயரற்றதோர் இடமே. மின்கலத்தின் துணையோடு நிலையை நினைவில் வைத்திருக்கும் என்கோடர்களும் உள. ஆயினும் அம்மின்கலம் தீர்ந்துபோகுமாயின் அவற்றுக்கும் இதே கதிதான்.

ஆகவே நாளின் முதற் செயலாக இயந்திரம் தன் இருப்பிடத்தைத் தேடிச் செல்ல வேண்டியுள்ளது. இச்செயலைப் பட்டறையாளர் 'ஹோமிங்' என்பர். வீடு திரும்புதல் என்பதே அதன் பொருள். முதலில் இசட் அச்சு மேலே உயர்கின்றது. கீழே மேசைமீது கிடக்கக்கூடிய எப்பொருளையும் வெட்டுக்கருவி இடித்துவிடாதிருத்தற்கே இம்முறை. அதன் பின்னர் ஏனைய அச்சுகள் தத்தம் எல்லையை நோக்கி விரைகின்றன. எல்லையில் பொருத்தப்பட்ட ஆளியில், லிமிற் சுவிச்சு எனப் பட்டறையில் வழங்குவதில், அச்சு முட்டியவுடன் நின்று, சிறிது பின்வாங்கி, மீண்டும் மிக மெதுவாக அதே திசையில் அணுகுகின்றது. வேகமாகச் சென்று முட்டிய முதல் தொடுகை நம்பத்தக்கதன்று என்பது பொறியியலாளர் அனுபவத்திற் கண்ட உண்மை. மெதுவாகச் சென்று தொட்ட இரண்டாவது தொடுகையும் முற்றிலும் போதாது. ஆளி இயங்கும் இடம் ஒவ்வொரு முறையும் சிறிதளவு மாறக்கூடும். எனவே என்கோடர் ஒரு சுற்றுக்கு ஒரேயொரு முறை தரும் குறிப்புத் துடிப்பு வரும்வரை அச்சு நகர்ந்து, அத்துடிப்பு நேரும் கணத்தையே பூச்சியம் எனக் கொள்கின்றது. இதுவே இயந்திரப் பூச்சியம் எனப்படும்.

இவ்வளவு செய்தும் வேலையைத் தொடங்க இயலாது. இயந்திரப் பூச்சியம் இயந்திரத்தின் உடலுக்கு உரியது. பெரும்பாலும் அசைவின் எல்லையில், வேலை எதுவும் நிகழாத ஒரு மூலையில் அது அமைந்திருக்கும். வெட்டப்பட வேண்டிய உலோகத் துண்டோ மேசையின் நடுவே, வைசின் பிடியில், அன்று வைக்கப்பட்ட இடத்தில் இருக்கின்றது. அத்துண்டின் ஒரு மூலையையோ நடுவையோ பூச்சியமாகக் கொண்டே வரைபடத்தின் அளவுகள் யாவும் எழுதப்பட்டுள்ளன. எனவே இயந்திரப் பூச்சியத்துக்கும் துண்டின் பூச்சியத்துக்கும் இடையிலுள்ள தூரத்தைக் கண்டறிந்து இயந்திரத்துக்கு அறிவிக்க வேண்டும். ஜி54 முதல் ஜி59 வரையான ஆறு கட்டளைகள் இத்தகைய ஆறு வேலைப் பூச்சியங்களைக் குறிக்கப் பொதுவாக ஒதுக்கப்பட்டுள்ளன.

அத்தூரத்தைக் கண்டறியும் முறையிலேதான் இக்கட்டுரை கருதும் அறவியற் பாடம் அடங்கியுள்ளது. தொழிலாளி சுழல்தண்டில் எட்ஜ் பைண்டர் என்னும் விளிம்பறி கருவியைப் பொருத்தி, துண்டின் பக்கத்தை நோக்கி மிகச் சிறிது சிறிதாக நகர்த்துகின்றான். அதன் முனை துண்டைத் தொடும் கணத்தில் அச்சின் நிலையைக் குறித்துக்கொள்கின்றான். ஆனால் குறித்த எண்ணை அவ்வாறே பூச்சியமாக ஏற்றுக்கொண்டால் பிழை நேரும். தொட்டது முனையின் விளிம்பு. இயந்திரம் அறிவது சுழல்தண்டின் மையம். முனையின் விட்டம் 10 மில்லிமீற்றராயின், மையம் துண்டின் பக்கத்திலிருந்து 5 மில்லிமீற்றர் தள்ளி நிற்கின்றது. தான் கொண்டுசென்ற கருவியின் பருமனில் பாதியைத் தொழிலாளி கணக்கில் சேர்த்துத் திருத்த வேண்டும். அளப்பவனின் உடம்பு அளவுக்குள் புகுந்துவிட்டது. அதனை நீக்கினாலன்றித் துண்டின் உண்மையான விளிம்பு வெளிப்படாது.

இத்திருத்தத்தை மறந்த ஒருவனைக் கருதுக. அவன் எழுதிய கட்டளைத் தொடரில் ஒரு பிழையும் இல்லை. இயந்திரமும் ஒவ்வொரு கட்டளையையும் துல்லியமாக நிறைவேற்றுகின்றது. துளைகள் ஒன்றுக்கொன்று எத்தனை தூரத்தில் அமைய வேண்டுமோ அத்தனை தூரத்திலேயே அமைகின்றன. ஆயினும் எல்லாத் துளைகளும் ஒருசேர 5 மில்லிமீற்றர் விலகியுள்ளன. துண்டு பயனற்றதாகின்றது. மேலும் மோசமான நிலையில் வெட்டுக்கருவி வைசின் மீதே மோதி உடைகின்றது. இங்குக் கவனிக்கத்தக்கது யாதெனின், இப்பிழையைக் கட்டளைத் தொடருக்குள் எங்கும் தேடிக் காண இயலாது என்பதே. ஏனைய பிழைகள் தம்மை ஏதோ ஒரு முரண்பாட்டால் காட்டிக்கொடுக்கும். தொடக்கப் புள்ளியின் பிழையோ தன்னுள் முரண்படாது. அதன் மேல் எழும் யாவும் ஒழுங்காகவும் தருக்கத்துக்கு இயையவும் இருக்கும். அதனாலேயே அது ஏனைய பிழைகளிலும் ஆபத்தானது.

ஆள்கூற்று வடிவியலுக்கு வித்திட்ட பிரெஞ்சு அறிஞர் டேக்கார்ட், தம் வடிவியல் நூலை 1637ஆம் ஆண்டில் வெளியிட்டார். நான்காண்டுகளின் பின் வந்த தம் மெய்யியல் நூலில், ஐயத்துக்கு இடமில்லாத ஒரேயொரு நிலையான புள்ளி கிடைக்குமாயின் அதன்மேல் அறிவு முழுவதையும் கட்டலாம் என அவர் கருதினார். சிந்திக்கும் தன்னையே அப்புள்ளியாகக் கண்டார். அவர் கண்ட முடிவு பற்றிப் பிற்காலத்தார் பலவாறு வாதிட்டுள்ளனர். பட்டறையின் நோக்கில் ஒன்றை மட்டும் கூறலாம். தன்னுள் மட்டும் தேடிப் பெறும் பூச்சியம் இயந்திரப் பூச்சியத்தை ஒத்தது. அது இன்றியமையாதது, ஆனால் போதுமானதன்று. தன் எல்லையை அறிந்துகொண்ட இயந்திரம் தனக்கு வெளியே உள்ள துண்டை இன்னும் அறியவில்லை. அதனை அறிய ஒரே வழி, அதனருகே சென்று தொடுவதே.

இவ்விடத்து ஒரு தடை எழுப்பப்படலாம். பூச்சியம் இயற்கையில் எங்கும் இல்லை; மனிதரே அதனை எங்கேயோ வைக்கின்றனர். துண்டின் இடது மூலையை வைத்தாலும், வலது மூலையை வைத்தாலும், நடுவை வைத்தாலும் வேலை நடக்கும். அவ்வாறாயின் ஒரு பூச்சியத்தைச் சரியென்றும் மற்றொன்றைப் பிழையென்றும் கூறுவது எங்ஙனம்? யாவும் அவரவர் நிலைநோக்கே என்று முடித்துவிடலாகாதா?

இத்தடை மேலோட்டமாக நோக்குங்கால் வலுவுடையதாகத் தோன்றும். இலங்கையின் நில அளவையே அதற்குச் சான்று தரும். தீவின் அதியுயர் சிகரமாகிய பிதுருதலாகலையை மையமாகக் கொண்டே நாட்டின் ஆள்கூற்று வலையம் வகுக்கப்பட்டுள்ளது. ஆனால் அச்சிகரத்தின் ஆள்கூறு பூச்சியமன்று. பழைய முறையில் இரு திசையிலும் 200,000 மீற்றர் எனவும், 1999இன் புதிய முறையில் 500,000 மீற்றர் எனவும் அதற்கு எண்கள் வழங்கப்பட்டன. தீவின் எந்த இடத்துக்கும் எதிர்மறை எண் வாராதிருக்கப் பூச்சியம் வேண்டுமென்றே அப்பாற் தள்ளி வைக்கப்பட்டது. சிகரத்துக்கு வடக்கே ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தொலைவிலுள்ள பன்விலையின் எண்களும் இம்மாற்றத்தால் மாறின. நேரமும் அவ்வாறே மாற்றப்பட்டுள்ளது. கிறீன்விச்சிலிருந்து ஐந்தரை மணி முன்னதாக இருந்த இலங்கை நேரம், 1996 மே மாதத்தில் ஆறரை மணியாகவும், அவ்வாண்டு ஒக்டோபரில் ஆறு மணியாகவும் மாற்றப்பட்டு, 2006 ஏப்ரலில் பழைய ஐந்தரைக்கே மீண்டது.

இம்மாற்றங்களால் மலை நகரவில்லை. சூரியனும் தன் வேளை தவறவில்லை. பன்விலைக்கும் பிதுருதலாகலைக்கும் இடையிலான தூரம் இரு முறைகளிலும் ஒன்றே. இதனாற் பெறப்படுவது யாது? பூச்சியத்தைத் தெரிவது விருப்பத்துக்கு உட்பட்டது. பொருள்களுக்கு இடையிலான தூரமும் துண்டின் வடிவமும் விருப்பத்துக்கு உட்பட்டவை அல்ல. பூச்சியம் மாறும்போது எல்லா எண்களும் ஒருசேர மாறினால் உண்மை கெடுவதில்லை. சிலவற்றின் எண்களை மட்டும் மாற்றி, ஏனையவற்றைப் பழைய பூச்சியத்திலேயே விட்டுவைப்பின், அப்பொழுது உண்மை கெடுகின்றது. வேலையின் நடுவே எவருக்கும் அறிவியாமல் பூச்சியத்தை நகர்த்தினாலும் அவ்வாறே. ஆகவே நிலைநோக்கு வாதம் பாதி வழியே செல்லும். தெரிவில் சுதந்திரம் உண்டு. தெரிந்தபின் கட்டுப்பாடு உண்டு. அறம் தொடங்குவது அக்கட்டுப்பாட்டிலேதான்.

பொருள்களை அளக்கும்போது இவ்வுண்மையை எவரும் எளிதில் ஏற்பர். மனிதரை அளக்கும்போது அது மறக்கப்படுகின்றது. ஒருவர் எந்நாட்டவர், எவ்வூரார், எத்தலைமுறையிலிருந்து இங்குள்ளார் என்னும் வினாக்கள் யாவும் ஆள்கூறு பற்றிய வினாக்களே. ஒவ்வொன்றும் எங்கோ ஒரு பூச்சியத்தை வைத்துக்கொண்டே கேட்கப்படுகின்றது. மலையகத் தமிழரின் வரலாற்றிலே இப்பூச்சியங்கள் நாளும் மாதமும் ஆண்டும் குறிக்கப்பட்டுச் சட்டமாக எழுதப்பட்டிருத்தலால், அவற்றை மிகத் தெளிவாகக் காணலாம்.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் பூச்சியத்தைத் தந்தையின் பிறப்பிடத்தில் வைத்தது. இலங்கையிற் பிறந்த ஒருவர் வழிவழியுரிமையாற் பிரசையாவதற்குத் தம் தந்தை இங்குப் பிறந்தவர் என்றோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்குப் பிறந்தோர் என்றோ நிறுவ வேண்டியிருந்தது. மறுவருடம் வந்த 3ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டம் மற்றொரு பூச்சியத்தை 1946 சனவரி 1இல் வைத்தது. அந்நாளுக்கு முன்னர் மணமானோர் ஏழாண்டும், மணமாகாதோர் பத்தாண்டும் இடையறாது வதிந்தமைக்குச் சான்று காட்ட வேண்டும் என்றது. விண்ணப்பித்தோரில் பெரும்பாலார் நிராகரிக்கப்பட்டனர். வாக்குரிமையும் அவர்களை விட்டு நீங்கியது.

1964ஆம் ஆண்டில் பொறியியற் பீடம் கொழும்பிலிருந்து பேராதனைக்கு வந்தது. கண்டி மலைகளின் நடுவே இளைஞர் அளவையின் நுட்பங்களைப் பயிலத் தொடங்கிய அவ்வாண்டிலேயே, ஒக்டோபர் 30ஆந் திகதி, சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்திடப்பட்டது. நாடற்றோர் எனக் கணக்கிடப்பட்ட 975,000 பேரில் 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய 150,000 பேர் பின்னர் 1974இல் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். இதே ஒக்டோபர் 30 பிற்காலத்தில் வேறொரு பயனுக்கும் உரியதாயிற்று. அந்நாள் முதல் இலங்கையில் நிரந்தரமாக வதிந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் பிரசாவுரிமை வழங்கியது. பிரிப்பதற்கு நிறுத்தப்பட்ட பூச்சியமே முப்பத்தொன்பது ஆண்டுகளின் பின் சேர்ப்பதற்கும் பயன்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பன்விலையின் லயங்களில் வாழ்ந்தோர் தம் இடத்தை விட்டு ஓரடியும் நகராமலே தம் ஆள்கூறு பலமுறை மாறக் கண்டனர்.

நகர்த்தப்பட்டோர் நிலை இன்னும் ஆழ்ந்த சிந்தனைக்குரியது. கப்பலேறித் தமிழகம் சென்றோர் அங்கு 'தாயகம் திரும்பியோர்' எனப் பெயர் பெற்றனர். இயந்திரம் வீடு திரும்பும்போது, தான் முன்பு தொட்ட ஒரு புள்ளிக்கே மீள்கின்றது. தாயகம் திரும்பியோருள் எத்தனையோ பேர் அம்மண்ணை அதற்கு முன் கண்ணாலும் கண்டதில்லை. அவர்கள் பிறந்தது மலையகத்தின் லயத்தில். விளையாடியது கொழுந்துக் காட்டின் சரிவில். பெற்றோரைப் புதைத்ததும் அங்கேயே. தொட்டறியாத ஓரிடத்தை ஆவணம் வீடு எனக் கூறிற்று. நீலகிரியிலே குடியேறிய அவர்களை அயலார் 'சிலோன்காரர்' என்றனர். இங்கே தங்கிய உறவினரைக் குடிசன மதிப்பீடு 'இந்தியத் தமிழர்' என்றது. ஒரே குடும்பத்தின் இரு கிளைகள், நிற்கும் நாட்டிலிருந்து அளக்கப்படாமல், நில்லாத நாட்டிலிருந்தே அளக்கப்பட்டன. இரு அளவைகளும் தத்தமக்குள் முரணற்றவை. இரண்டிலும் பூச்சியம் அம்மனிதரைத் தொடாத தொலைவில் வைக்கப்பட்டிருந்தது.

ஆட்சி நடத்துவோர் தரப்பில் ஒரு மறுமொழி கூறப்படலாம். எந்த அரசும் ஏதோ ஒரு நாளில் கோட்டைக் கீறியே ஆக வேண்டும். எந்த நாளில் கீறினும் அதற்கு முந்திய நாளில் வந்தோர் உள்ளேயும் பிந்திய நாளில் வந்தோர் வெளியேயும் நிற்பர். இதில் அநீதி எங்கே? இம்மறுமொழி புறக்கணிக்கத்தக்கதன்று. நாள் ஒன்றைத் தெரிந்தமை மட்டுமே அநீதி எனக் கூறின், எந்தச் சட்டமும் நீதியாக இருக்க இயலாது. ஆகவே அநீதியை வேறிடத்தில் தேட வேண்டும். பட்டறையில் கண்ட ஒழுக்கம் அதனைத் தேடும் வழியைக் காட்டுகின்றது.

முதலாவது, வேலைப் பூச்சியம் துண்டைத் தொட்டே நிறுத்தப்பட வேண்டும். பாட்டனின் பிறப்பை எழுத்தாற் காட்டும்படி கேட்ட சட்டம், அப்பாட்டன் வாழ்ந்த உலகைத் தொட்டுப் பார்க்கவில்லை. லயத்து அறையிற் பிறந்த பிள்ளையின் பிறப்புப் பதிவு எத்தனை குடும்பங்களிடம் இருந்திருக்கும்? எழுதத் தெரியாத தாய் எவ்வாறு அதனைப் பேணியிருப்பாள்? இரண்டாவது, அளப்பவர் தம் பருமனைக் கழிக்க வேண்டும். கேட்டவர் தம்மிடத்து இதே சான்றைக் கேட்டிருந்தால் தம்மால் காட்ட முடிந்திருக்குமா என எண்ணிப் பார்க்கவில்லை. ஏனையோர் குடியுரிமையோடு வாழ்ந்தது பூட்டனின் பிறப்புச் சான்று அவர்களிடம் இருந்தமையால் அன்று; அதனை எவரும் அவர்களிடம் கேளாமையால். தம்மைத் திருத்தத்துக்கு உட்படுத்தாத அளவையாளரின் பருமன் முழுவதும் அளக்கப்பட்டோரின் பிழையாகப் பதிவாயிற்று.

அளவை என்னும் சொல்லைத் தமிழ் மெய்யியல் மரபு அறிவின் வாயிலுக்கும் வழங்கியமை இங்கு நினைவுகூரத்தக்கது. அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியார் அளவைகளை வகுத்துக் கூறுகின்றது. காண்டல், கருதல், உரை என்னும் மூன்றும் அவற்றுள் தலையாயவை. தொடுகை காண்டலின் பாற்படும். ஆவணம் உரையின் பாற்படும். உரை மதிப்புடையதே. நேரிற் காண இயலாதவற்றை உரையின் வாயிலாகவே அறிய வேண்டியுள்ளது. கண்முன்னே நின்று, தன் வாழ்நாள் முழுவதும் ஒரே மலையிற் கொழுந்து பறித்த ஒருத்தியைக் காணாது விட்டு, அவள் எங்குப் பிறந்தவள் என்று அவளிடம் இல்லாத தாளைக் கேட்பதோ, காண்டல் கைவசம் இருக்க உரையை மட்டும் நாடும் அளவைப் பிழையாகும்.

உவமை எவ்வளவு பொருத்தமாயினும் ஓரெல்லையில் நின்றுவிடும். உலோகத் துண்டு தன்னை எவ்விடத்திலிருந்து அளக்கின்றனர் என்பதை அறியாது, அறியவும் விரும்பாது. மனிதரோ தம் பூச்சியத்தைத் தம்முள்ளே உடையவர். பன்விலையின் தோட்டமொன்றிலிருந்து வெளியூர்ப் பட்டறைக்குத் தொழில் பழக வரும் ஓர் இளைஞனைக் கருதுக. ஊர் எது என வினவினால் அவன் தோட்டத்தின் பெயரையே கூறுவான். அவனைப் பொறுத்தவரை தூரங்கள் யாவும் அங்கிருந்தே எண்ணப்படுகின்றன. துண்டு வாய் பேசுமாயின் தொழிலாளியின் வேலை எவ்வளவு எளிதாகும்! மனிதரை அளப்போருக்கு அந்த வாய்ப்பு உண்டு. அளக்கப்படுவோரைக் கேட்டறிய இயலும். அவ்வாய்ப்பைப் பயன்படுத்தாமை, இயந்திரத்துக்கு மன்னிக்கத்தக்கதாயினும், மனிதருக்கு மன்னிக்கத்தக்கதன்று. ஆகவே பட்டறை கற்பித்த இரு விதிகளோடு மூன்றாவதொன்றும் சேர்க்கப்படல் வேண்டும். பூச்சியம் எங்கே வைக்கப்படுகின்றது என்பதை அளக்கப்படுவோர் அறியவும், அது பிழையாயின் பிழையென்று கூறவும் உரிமை வேண்டும்.

இம்மூன்றாம் விதி புதியதன்று. திருக்குறளின் 12ஆம் அதிகாரமாகிய நடுவு நிலைமையில் வள்ளுவர் துலாக்கோலையே சான்றோர்க்கு உவமையாக்கினார். பொருளைத் தட்டில் இடுமுன் கோல் தானே நேராக நிற்க வேண்டும் என்னும் ஒழுங்கு அவ்வுவமையின் உயிர்நிலை. வெறுந் தட்டோடு நேர் நில்லாத தராசில் எத்தனை நேர்மையான கைகள் நிறுத்தாலும் நிறை பிழையே.

அத்தராசு பன்விலைக்கு அயலானதன்று. நாள்தோறும் கொழுந்து மடுவத்தில் பெண்கள் வரிசையில் நிற்கின்றனர். மலையேறி இறங்கிப் பறித்த கொழுந்து அங்கே தராசிற் தொங்குகின்றது. சாக்கின் எடைக்கும் இலையின் ஈரத்துக்கும் ஒரு தொகை கழிக்கப்படுவது தோட்டங்களில் நெடுங்கால வழக்கம். எஞ்சும் கிலோகிராமே அன்றைய நாள் முழுப்பேரா, அரைப்பேரா என்பதை முடிவு செய்கின்றது. கழிவு இருத்தல் நியாயமே. சாக்கு கொழுந்தன்று, நீரும் கொழுந்தன்று. எவ்வளவு கழிப்பது என்பதே பூச்சியத்தை நிறுத்துதலாகும். சாக்கைத் தனியே நிறுத்து அதன் எடையைக் கழிப்பது தொட்டறிந்து நிறுத்திய பூச்சியம். எடை பாராது வழக்கப்படி ஒரு தொகையைக் கழிப்பது தொலைவிலிருந்து நிறுத்திய பூச்சியம். இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு நாளொன்றுக்கு ஒரு பிடி கொழுந்தாக இருக்கலாம். ஓராண்டில், ஒரு வாழ்நாளில், அப்பிடி எத்தனை என்பதை எண்ணிப் பார்ப்போர் சிலரே.

சட்டப் புத்தகத்திற் குறித்த திகதியும், தராசிற் கழித்த கிலோகிராமும், பட்டறையில் தொழிலாளி திருத்தும் 5 மில்லிமீற்றரும் ஒரே வகையான செயலின் மூன்று வடிவங்கள். பல்கலைக்கழகத்தில் அளவையைக் கற்று வெளியேறுவோர் நாளை இயந்திரத்தின் முன்னோ, நிருவாக மேசையிலோ, பரீட்சைத் தாளின் முன்னோ அமர்ந்து பிறரை அளக்கப் போகின்றவர்கள். அவர்களுடைய எண்கள் பிழையின்றி இருக்கும் என்பதை ஐயுறக் காரணமில்லை. ஐயுற வேண்டியது அவ்வெண்கள் தொடங்கும் இடத்தையே. பயிற்சி பெற்ற தொழிலாளி அதனை ஒவ்வொரு காலையும் ஐயுறுகின்றான். நேற்றுச் சரியாக இருந்தது என்பதனால் இன்றும் சரி எனக் கொள்வதில்லை. கருவியை முதலில் மேலே உயர்த்துகின்றான். பின்னரே மெதுவாக அணுகித் தொடுகின்றான்.

மடுவத்தின் வரிசையில் நிற்கும் பெண் கேட்பதும் இதனிலும் மிகையானதன்று. தன் கொழுந்து தராசில் ஏறுமுன், வெறுந் தராசின் முள் எங்கே நிற்கின்றது என்பதைத் தன் கண்ணாற் காண வேண்டும் என்பதே அவள் கேட்பது.